புது ரப்பரின் வாசனை

தம்பி,

நேற்று மாலை பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்டாய். "அப்பா, ஐஸ் டீ போட்டு ஃபிரிட்ஜ்ல வைக்க எது நல்லது? கண்ணாடியா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா? தோஹா போனதும் ஒண்ணு வாங்கணும்." கையில் மடித்த சட்டை. தலை நிமிரவில்லை. நான் செய்தித்தாளை மூடினேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "ஒரு டப்பாவுக்கு என்னப்பா யோசனை" என்று சிரித்தாய். நியாயமான சிரிப்புதான். குக்கர் கேஸ்கெட்டிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும், எது எதனால் ஆனது, எது எத்தனை நாள் உழைக்கும் என்று இந்த வீட்டில் என்னைக் கேட்டுத்தான் வாங்குவோம். கேட்டவுடன் சொல்கிறவன் நான். நேற்றுதான் முதல்முறையாக யோசிக்க நேரம் கேட்டேன்.

மூன்று வருடமாக நீ இந்த வீட்டில் ஐஸ் டீ போடவில்லை. அதற்கு முன்பு ஒரு கோடை முழுக்க அதைப் பற்றியே பேசினாய். இப்போது வீட்டைவிட்டுப் போகும்போது மறுபடியும் போடலாம் என்று தோன்றியிருக்கிறது. அதுவும் இங்கே இல்லை, அங்கே போன பிறகு. நீ இதையெல்லாம் யோசித்துக் கேட்டிருக்க மாட்டாய். எனக்கு நேற்றிலிருந்து வேறு யோசனை இல்லை.

கேட்டதற்கு முதலில் பதில். பிளாஸ்டிக் வேண்டாம். தேயிலைக் கறை அதில் ஏறினால் இறங்காது. போன வாரத்து டீ இந்த வாரத்து டீயிலும் கொஞ்சம் இருக்கும். ஸ்டீல் நல்லதுதான், கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் உள்ளே என்ன நிறம் வந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நீ பொறுமையில்லாதவன், திறந்து திறந்து பார்ப்பாய். கண்ணாடியே வாங்கு. தனி ஆளுக்கு ஒன்றரை லிட்டர் போதும். கடைக்குப் போகும் முன் ஃபிரிட்ஜ் தட்டின் உயரத்தை அளந்துகொண்டு போ. வாய் அகலமாக இருக்கட்டும், கை உள்ளே போய்த் தேய்த்துக் கழுவும்படி. சூடான டீயை அதில் ஊற்றாதே, விரிசல் விடும். பச்சைத் தண்ணீரில் தேயிலையைப் போட்டு மூடி எட்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் விட்டுவிடு. பிறகு இலையை வடித்து எடுத்துவிடு, இல்லாவிட்டால் கசப்பு ஏறிக்கொண்டே போகும். மூன்று நாளுக்கு மேல் வைக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்கும் தெரியும்.

அடுத்தது மூடி. இறுக்கமாக மூட வேண்டும். ஃபிரிட்ஜில் இருக்கிற வெங்காயம், மீன், மாவு, எல்லாவற்றின் வாசனையையும் டீ இழுத்துக்கொள்ளும். இறுக்கத்துக்காக மூடியின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். வாஷர். நேற்று இந்த இடத்துக்குப் பயந்துதான் பதிலைத் தள்ளிப்போட்டேன். இன்று அதையும் தாண்டி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வாஷர்தான் என் பிழைப்பு. முப்பத்தோரு வருடம் ஆவடித் தொழிற்சாலையில், ரப்பர் பொருள்களைப் பரிசோதிக்கும் பிரிவில். நீட்டிப் பார்ப்போம், அழுத்திப் பார்ப்போம், கருவியில் வைத்துப் பார்ப்போம். இவை விதிப் புத்தகத்தில் உள்ளவை. அதில் இல்லாத ஒன்றையும் நான் செய்வேன். முகர்ந்து பார்ப்பேன். சரியாகப் பதப்படாத ரப்பருக்கு ஒரு வாசனை, பழையதாகிப்போன ரப்பருக்கு வேறு வாசனை. கருவி சொல்வதற்கு முன் பெரும்பாலும் என் மூக்கு சொல்லிவிடும். "சாருக்கு மூக்குலதான் மீட்டர்" என்பார்கள். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நீ மற்றப் பிள்ளைகளிடம், "எங்கப்பா மோந்து பார்த்தே எல்லாம் சொல்லிடுவாரு" என்று பெருமை பேசியது எனக்கு ஜன்னல் வழியே கேட்டிருக்கிறது. அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

தேவராஜ் மாமாவை உனக்கு நினைவிருக்கும். என் பிரிவில் எனக்கு அடுத்த மேசை. சென்னீர்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார், பிறகு மொபெட்டில். இருபது வருடம் கேட்டுக்கு வெளியே இருக்கும் கடையில் ஒரே டீயை இரண்டு கிளாஸில் பங்கு போட்டுக் குடித்திருக்கிறோம். நான் சங்கத்தில் இருந்தேன். மேடையேறிப் பேசுவேன். ஒரே கேன்டீன், ஒரே தட்டு, ஒரே டம்ளர் என்று கை உயர்த்திச் சொன்னவன். அதற்குக் கைதட்டல் வரும். முன்வரிசையிலிருந்து தேவராஜும் தட்டுவார்.

தேவராஜ் வீட்டில் நான் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. மகள் சடங்குக்குக் கூப்பிட்டார். புது வீட்டுக்குக் கூப்பிட்டார். பொங்கலுக்கு மறுநாள் வருடா வருடம் கூப்பிட்டார். போவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் தெரு. வாசலில் நாற்காலி போடுவார்கள், உட்காருவேன், சிரித்துப் பேசுவேன். இலை போடும் நேரத்தில் எனக்கு வயிறு சரியில்லாமல் போகும். ஒருமுறை தேவராஜ் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா நைனா, இந்தத் தெருவுக்குள்ள வந்தா மட்டும் உனுக்கு வவுறு கெட்டுப்பூடுது? கேன்டீன்ல நாலு வடையத் துன்னுட்டு ஏப்பம் உட்டுக்கினு இருந்தது யாரு?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மனைவி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தேவராஜ் என்னைக் கூப்பிடவில்லை. டீயை மட்டும் நான் ஓய்வு பெற்ற நாள் வரை பங்கு போட்டோம்.

குவார்ட்டர்ஸில் யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த குடும்பங்கள், ஒரே மாதிரி வீடு, ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. கேட்டால் அசிங்கம். ஆகவே சொந்த ஊர் எது என்று கேட்போம். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்போம். குலதெய்வம் எது என்று கேட்போம். மூன்றாவது கேள்விக்குள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் சிரித்துப் பேசுவோம். உன்னை அப்படிப்பட்ட இடத்தில் வளர்த்தேன். நீ எதுவும் தெரியாமல் வளர்ந்தாய். அது என் சாதனை என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

மூன்று வருடத்துக்கு முன், மே மாதம். பவானியைக் கூட்டி வந்தாய். உன் ஆபீஸில் வேலை செய்கிறாள், ஐஸ் டீ பைத்தியம், எனக்கும் அவள்தான் பழக்கினாள் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தாய். அவள் கையில் துணிப்பை. பையில் ஈரத் துண்டு சுற்றிய கண்ணாடி ஜாடி. முந்தின நாள் மாலையே டீ போட்டு, காலையில் இலையை வடித்து, பூந்தமல்லி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "ஆன்ட்டி, ஒரு சொட்டுகூடச் சிந்தல, பாருங்க" என்று அம்மாவிடம் காட்டினாள். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தாள். காலையில் கரண்ட் போயிருந்ததால் ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர். "ஐஸ் டீல ஐஸ் இல்லையா" என்று நீ பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாய். ஐஸ் கட்டி விற்கிற கடை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட் மூடியிருந்தது என்று பிறகு சொன்னாய். நீ திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் உனக்குத் தெரியாது.

நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"வீடு எங்கம்மா?"

"சென்னீர்குப்பம் அங்கிள்."

"சென்னீர்குப்பத்துல எங்க?"

"ஹைவேஸ்லருந்து உள்ள வரணும்."

"உள்ள வந்தா எந்தப் பக்கம்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் முதல் ஆள் இல்லை போல. "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி அங்கிள்" என்றாள். தெளிவாக, எனக்கு நான்காவது கேள்வி கேட்கும் சிரமம் இல்லாதபடி.

"ஓ" என்றேன். "சரி, உன் டீயைப் பார்ப்போம்."

ஜாடியைத் திறந்தாள். மூடியை வாங்கினேன். பழக்கதோஷத்தில் நகத்தால் வாஷரை நெம்பி எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனேன்.

"கருவாட்டு வாசனை வருதேம்மா" என்றேன்.

"இல்லையே அங்கிள். புது ஜார். நேத்து சாயங்காலம்தான் அம்பத்தூர்ல வாங்கினேன்."

"ரப்பருக்கு அப்படி ஒரு குணம்மா. சீக்கிரம் வாசனையைப் பிடிச்சுக்கும். வீட்ல யாராவது எதையாவது போட்டு வச்சிருப்பாங்க, உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"டீயைத் தவிர எதுவும் போடல அங்கிள். அடியில ஸ்டிக்கர் கூடக் கிழிக்கல, பாருங்க."

நான் பார்க்கவில்லை. ரப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பது, கொழுப்பும் எண்ணெயும் அதில் எப்படித் தங்கும், எத்தனை முறை கழுவினாலும் ஏன் போகாது. பத்து நிமிடம் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்கிற குரலில். சொன்னதெல்லாம் உண்மை. ஒரு வார்த்தை தப்பில்லை. அவள் நின்றுகொண்டே கேட்டாள். உட்காரச் சொல்ல மறந்திருந்தேன்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, டீயை வேறு பாத்திரத்தில் மாற்றச் சொன்னேன். அம்மா கண்ணாடிக் கூஜாவை எடுத்தாள். "அது வேணாம். பால்கனில பச்சை ஜக் இருக்கு பாரு, அதுல ஊத்து" என்றேன். "அதுவா?" என்றாள் அம்மா. "அதுதான்" என்றேன். தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவர்களுக்கும் சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவர்களுக்கும் தண்ணீர் கொடுக்கிற பிளாஸ்டிக் ஜக் அது. அது வீட்டுக்குள் வந்ததில்லை. அதற்கென்று தனி டம்ளர்கூட இல்லை, பேப்பர் கப்தான். அந்த பேப்பர் கப் கட்டையும் எடுத்து வரச் சொன்னேன். பவானி ஜக்கைப் பார்த்தாள். அது இருந்த இடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் துடைப்பம், பினாயில் பாட்டில்.

பிளாஸ்டிக் வேண்டாம் என்று மேலே உனக்கு எழுதியிருக்கிறேன். டீக்கு எது நல்லது என்று எனக்கு அன்றைக்கும் தெரியும்.

நீ ஐஸோடு வந்தாய். "என்னப்பா இது, பேப்பர் கப்பெல்லாம்? டூர் போறோமா?" என்றாய். "கண்ணாடி, கை தவறினா உடைஞ்சிடும்னுதான்" என்றேன். பவானி சிரித்தாள். நீ சிரித்தாய் என்பதற்காகச் சிரித்தாள். ஒரு கப் குடித்தாள். காலி ஜாடியைத் தானே துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். "இங்கயே இருக்கட்டும்மா" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். "இல்ல ஆன்ட்டி, அங்கிளுக்கு வாசனை ஆகாது" என்றாள். நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். எந்த வாசனை என்று கேட்கவில்லை.

நீ அவளைக் கொண்டுவிடப் போயிருந்தாய். அன்று மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா தட்டை வைத்துவிட்டு நின்றாள். "ஜாடியைக் கவுத்தப்ப நான் பார்த்தேன். அடியில ஸ்டிக்கர் இருந்துது. விலையோட." நான் சாதத்தைப் பிசைந்தேன். "போன புதன்கிழமை இந்த வீட்ல வச்ச கருவாட்டுக் குழம்பை ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யாரு? வாசனை வந்திருந்தா அது உங்க கையில இருந்துதான் வந்திருக்கும். இந்த மூக்கை வச்சுக்கிட்டுத்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினீங்களா?" என்றாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "போய் வேலையைப் பாரு" என்றேன். "அவன்கிட்ட எதையும் சொல்லாத, வீணா மனசு கஷ்டப்படுவான்" என்றும் சொன்னேன். அவள் இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பாவத்தை அவள் பக்கம் எழுதாதே. நான் சுமக்கச் சொன்னது.

தம்பி, இதை எழுதத்தான் இத்தனை பக்கம். புது ரப்பருக்கு என்று ஒரு வாசனை உண்டு. கந்தகம் கலந்த, மூக்கின் நுனியில் லேசாகக் கடிக்கிற வாசனை. பெட்டி பிரித்த முதல் சில நாள்கள் இருக்கும், பிறகு போய்விடும். ஆவடியில் அதை என்னைவிட அதிகம் முகர்ந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் பெரிது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். அன்று அந்த வாஷரில் இருந்தது அந்த வாசனைதான். வேறு எதுவும் இல்லை. எனக்கு அது கருவாடாக வந்தது. நான் பொய் சொன்னேன் என்றால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாடி என்று அவள் சொன்ன பிறகு வந்தது. முப்பத்தோரு வருடம் எந்த அதிகாரி சொன்னதையும் கேட்காத மூக்கு, ஒரு தெருவின் பெயரைக் கேட்டதும் பணிந்துபோனது. என் சாதி என் மூக்கில் இருந்தது. மேடையில் பேசியது வாய் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தாய். ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாய். "உங்க வீடு எனக்கு ஒத்து வராதுன்னு சொல்றாப்பா. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. தனியாப் போலாம்னாலும் வேணாங்கிறா" என்றாய். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய். வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "அன்னைக்கு நான் ஐஸ் வாங்கப் போனப்ப ஏதாவது நடந்துச்சாப்பா?"

"ஒண்ணும் நடக்கலையே. டீயைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றேன்.

உன் முகம் அப்போதே மாறியது. அப்பா மேல் தப்பில்லை, அப்படியானால் அவள்தான் என்று முடிவு செய்த முகம். "அப்ப திமிர்தான்" என்றாய். நான் உன் தோளில் கை வைத்து, "சில பேருக்குக் குடும்பம்னா ஒட்டாதுடா, விட்டுடு" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். கல்லூரி முடித்த பிறகு நீ அழுது நான் பார்த்தது அன்றுதான். என்னிடம் வந்து அழுதாய். நான் ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு உனக்கு எத்தனையோ ஜாதகம் வந்தது. ஒன்றையும் நீ திறக்கவில்லை. அவள் பெயர் வந்தால் எழுந்து போவாய். ஒருமுறை உன் நண்பன் வந்திருந்தபோது, "அவளையெல்லாம் நம்பினேன் பாரு" என்று சொன்னது ஹாலில் இருந்த எனக்குக் கேட்டது. உள்ளே வந்து சொல்லியிருக்கலாம். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது அம்மாவுக்கும் தெரியாது.

போன வருடம் கண் பரிசோதனைக்காகப் பூந்தமல்லி போனேன். மருந்து விட்டார்கள். கொஞ்ச நேரம் மங்கலாக இருந்து, பஸ் நிலையம் வருவதற்குள் தெளிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அங்கிள், நல்லா இருக்கீங்களா?" என்று குரல். பவானி. தோளில் ஆபீஸ் பை. கொஞ்சம் இளைத்திருந்தாள். நன்றாகத் தெரிந்தது. காதில் போட்டிருந்த சின்னத் தோடு வரை தெரிந்தது.

"யாரும்மா?" என்றேன்.

"பவானி அங்கிள். ஒருநாள் வீட்டுக்கு வந்தேனே."

"கண்ணுல மருந்து போட்டிருக்காங்கம்மா. சரியாத் தெரியல."

தேவராஜுக்கு வயிறு. இவளுக்கு முதலில் மூக்கு, பிறகு கண். என் உடம்பில் ஒவ்வொன்றாக எனக்காகப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அவள் நம்பினாளா என்று தெரியாது. "எங்க போகணும் அங்கிள்?" என்றாள். "ஆவடி." "ஆவடி பஸ் அந்தக் கடைசில நிக்கும். தனியாப் போவாதீங்க, வண்டியெல்லாம் ரிவர்ஸ் எடுத்துக்கினு இருக்கான்" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிலையத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை என்னை நடத்திக்கொண்டு போனாள். "படி அங்கிள்", "பள்ளம் இருக்கு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே. எல்லாப் பள்ளமும் எனக்குத் தெரிந்தது. தெரியாதவன்போலக் காலைத் தடவித் தடவி வைத்தேன். கண்டக்டரிடம், "அண்ணா, இவருக்குக் கண்ணு தெரியல, ஆவடில பாத்து எறக்கி உடுங்க" என்றாள். ஜன்னல் பக்கம் வந்து நின்று, "ஆன்ட்டியைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். உன்னைக் கேட்கவில்லை. கேட்க வந்து நிறுத்தினாளா, கேட்க எதுவும் இல்லையா என்று எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பியது. ஆவடி வரை நான் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அவள் கையில் இருந்த ஈரம் என் முழங்கையில் இருந்தது. வியர்வை. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழுவவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கழுவாமல் இருந்ததைக் கவனித்தேன் என்பதே எப்படிப்பட்ட மனிதன் நான் என்பதற்குச் சாட்சி.

அவளுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று தெரியாது. உங்களைச் சேர்த்து வைக்க இதை எழுதவில்லை. அதற்கு எனக்கு உரிமை கிடையாது, காலமும் கடந்துவிட்டது. அவள் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்றும் நான் ஊகித்து எழுத மாட்டேன். கேள்வி கேட்டுக் கேட்டு அவள் தெருவுக்குள் நான் ஒருமுறை புகுந்து பார்த்தது போதும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவளுக்குத் திமிர் இல்லை. உன்னை அவள் ஏமாற்றவில்லை. மூன்று வருடமாக நீ வெறுத்துக்கொண்டிருக்கும் பெண் இந்த உலகத்தில் இல்லை. நான் செய்து கொடுத்த பெண் அவள். அவளை நீ தோஹாவுக்கும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

அறிவுரை சொல்ல வேண்டிய வயது எனக்கு. மற்ற அப்பாக்கள் மகன் வெளிநாடு போகும்போது என்னென்னவோ சொல்வார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அங்கே உன் அறைக்கு யாராவது வருவார்கள். எந்த நாடோ, எந்த ஊரோ. நீ எந்தப் பாத்திரத்தில் குடிக்கிறாயோ அதிலேயே அவர்களுக்கும் ஊற்று. வேறு பாத்திரத்தை எடுக்க உன் கை போனால், அதற்கு ஒரு நல்ல காரணம் உடனே உன் மனதில் தோன்றும். உடையும், கறை படியும், வாசனை பிடிக்கும், இது பெரியது, அது சுத்தமாக இல்லை. அறிவியல்பூர்வமான காரணமாகவே இருக்கும். அந்தக் காரணத்தை நம்பாதே. உன் அப்பன் முப்பத்தோரு வருட அனுபவத்தோடு சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ போன பிறகு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சனிக்கிழமை விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடிப்பாய். அதை வாங்கிக்கொண்டு, நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மறைந்த பிறகு, பத்திரமாகத் தபாலில் சேர்க்கலாம். அப்படியும் செய்யக்கூடியவன்தான் நான். ஆகவே இன்றே, செவ்வாய்க்கிழமையே, உன் கையில் கொடுக்கிறேன். யோசிக்க நான்கு நாள் இருக்கிறது. விமான நிலையத்துக்கு அம்மா வருவாள். நான் வர வேண்டுமா என்பதை நீ சொல்.

இதை நீ படிக்கும்போது நான் எதிரில் இருக்கக் கூடாது. என் முகத்தைப் பார்த்தால் உனக்கு இரக்கம் வந்துவிடும், நீ அப்படித்தான். கொடுத்துவிட்டு ஆவடி மார்க்கெட் வரை போய் வருகிறேன். சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். ஐந்து மணிக்கு வந்து ஒரு தடவை பெல் அடிப்பேன். ஒரே தடவைதான். திறக்காவிட்டால் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்ள மாட்டேன்.

வெளியே போயிருக்கிற அம்மா ஆறரைக்கு வந்துவிடுவாள். அதுவரை கீழே இருப்பேன்.